மோரியாவுக்கு மூன்று நாள் வழி

பழைய ஏற்பாட்டில் கிறிஸ்துவைக் காண்பது திருச்சபையின் தொன்மையான வாசிப்பு முறை. ஆதாமில் புதிய ஆதாமையும், நோவா காலத்து வெள்ளத்தில் திருமுழுக்கையும், பாலைநிலத்து மன்னாவில் நற்கருணையையும், மோசே உயர்த்திய வெண்கலப் பாம்பில் சிலுவையையும் கண்டு பழகிய கண் அது. திருத்தூதர்கள் காலத்திலேயே தொடங்கிய இம்முறையை இறையியலார் முன்னடையாள விளக்கம் என்பர். மறைக்கல்வி பயின்ற எவருக்கும் இது புதிதன்று. ஆனால் பழகிய ஒன்றை நாம் எந்த அளவுக்கு நேர்மையோடு கையாளுகிறோம் என்பது தனிக் கேள்வி. அக்கேள்வியையே இக்கட்டுரை எழுப்ப விழைகிறது.

இன்று இம்முறைக்கு நேரும் பழுதுகள் இரண்டு. ஒன்று, பழைய ஏற்பாட்டைக் காலம் கடந்த ஏடாகக் கருதி ஒதுக்குவது. தமிழில் 'பழைய' என்னும் சொல்லுக்கே இரு முகங்கள் உண்டு. பழம்பாடல் என்றால் மதிப்புத் தோன்றுகிறது. பழைய துணி என்றாலோ கழித்துவிட வேண்டியது என்னும் எண்ணம் எழுகிறது. நம்மில் பலர் பழைய ஏற்பாட்டை இரண்டாம் பொருளிலேயே கொள்கின்றனர். 2-ஆம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவர் இதையே ஒரு கொள்கையாக்கினார். இஸ்ரயேலின் கடவுள் வேறு, இயேசுவின் தந்தை வேறு என்று அவர் கற்பித்தார். 144-ஆம் ஆண்டில் உரோமைத் திருச்சபை அவரைத் தன் உறவினின்று விலக்கியது. கொள்கை விலக்கப்பட்டது, மனப்பான்மை மட்டும் இன்னும் நம் இருக்கைகளில் அமர்ந்திருக்கிறது.

மற்றொரு பழுது இதற்கு நேர்மாறானது. பழைய ஏற்பாட்டின் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் ஒரு விடுகதையாக்கி, அதற்கு விடையாகக் கிறிஸ்துவை எழுதிவிட்டு, விடுகதையை மறந்துவிடுவது. இது பக்தியின் கோலத்தில் வருவதால் எளிதில் புலப்படுவதில்லை. விறகு என்றால் சிலுவை, கடா என்றால் கிறிஸ்து, மலை என்றால் கல்வாரி எனப் பட்டியலிட்டு முடித்தவுடன் கேட்போருக்கு நிறைவு உண்டாகிறது. ஆனால் அப்பட்டியலில் ஒரு தந்தையும் மகனும் மூன்று நாள் நடந்த வழி எங்கே? நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் பகுதி அதுவே: தொடக்கநூல் 22-ஆம் அதிகாரம், ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடச் சென்ற வரலாறு. முன்னடையாளங்களுள் இதனினும் புகழ்பெற்றது அரிது. இதனினும் அவசரமாக வாசிக்கப்படுவதும் அரிது.

முதலில் கதையைக் கதையாகவே நோக்குவோம். ஏறத்தாழ 19 வசனங்களில் முடிந்துவிடும் சிறு பகுதி அது. கடவுள் ஆபிரகாமைச் சோதித்தார் என்பதை ஆசிரியர் முதல் வரியிலேயே நமக்குச் சொல்லிவிடுகிறார், ஆபிரகாமுக்குச் சொல்லவில்லை. ஆகவே நாம் அறிந்ததை அறியாத ஒரு மனிதரை நாம் பின்தொடர்கிறோம். கட்டளை படிப்படியாக இறங்குகிறது: மகன், ஒரே மகன், அன்புக்குரிய மகன், இறுதியில் ஈசாக்கு என்னும் பெயர். ஒவ்வொரு சொல்லும் முந்தியதைவிட நெஞ்சுக்கு அணுக்கமானது. ஆபிரகாம் மறுமொழி கூறவில்லை. சோதோமுக்காகக் கடவுளோடு ஐம்பதிலிருந்து பத்து வரை பேரம் பேசியவர், தம் மகனுக்காக ஒரு சொல்லும் பேசவில்லை. அதிகாலையில் எழுகிறார், கழுதைக்குச் சேணம் இடுகிறார், விறகு வெட்டுகிறார். கையின் செயல்கள் அனைத்தும் சொல்லப்படுகின்றன. முகத்தைப் பற்றி ஓர் எழுத்தும் இல்லை.

மூன்றாம் நாள் அவர் அவ்விடத்தைத் தொலைவில் காண்கிறார். இடைப்பட்ட நாள்களில் பேசியது என்ன, உண்டது என்ன, உறங்கினாரா என்பவை எல்லாம் மௌனத்தில் ஆழ்ந்துவிடுகின்றன. வேலையாள்களைக் கழுதையோடு நிறுத்திவிட்டு, விறகை மகன்மீது ஏற்றுகிறார். நெருப்பையும் கத்தியையும் தாமே எடுத்துக்கொள்கிறார். காயம் விளைவிக்கக் கூடியவை தந்தையின் கையிலும், சுமக்க வேண்டியது மகனின் தோளிலும் இருக்கின்றன. இருவரும் ஒன்றாக நடந்தனர் என்று கதை கூறுகிறது. பிறகு மகன் வாய் திறந்து, நெருப்பும் விறகும் இருக்க, பலிக்கான ஆட்டுக்குட்டி எங்கே என வினவுகிறான். கடவுளே அதைப் பார்த்துக்கொள்வார் என்பது தந்தையின் விடை. மீண்டும் இருவரும் ஒன்றாக நடந்தனர் என அதே தொடர் திரும்பி வருகிறது. முதன்முறை அது ஒரு செய்தி. கேள்வியும் விடையும் கடந்த பின் அதே தொடரை வாசிக்கும்போது நம் தொண்டை அடைக்கிறது.

எபிரேய மூலத்தில் மற்றொரு நுட்பம் உண்டு. கடவுள் அழைத்தபோது ஆபிரகாம் கூறிய விடை 'இன்னேனி', அதாவது 'இதோ நான்' என்னும் ஒற்றைச் சொல். வழியில் மகன் அழைத்தபோதும் அதே சொல்லால் அவர் விடையளிக்கிறார். மலைமீது வானதூதர் அழைக்கும்போது மூன்றாம் முறையும் அதே சொல் வருகிறது. கடவுளுக்கு முழுமையாகச் செவிகொடுத்தவர் மகனுக்கும் அவ்வாறே செவிகொடுத்தார். இரண்டு அன்புகளுக்கு நடுவே அவர் கிழிபட்டதை ஆசிரியர் வருணிக்கவில்லை; ஒரு சொல்லை மும்முறை வைத்துக் காட்டிவிட்டார்.

எரிக் அவர்பாக் என்னும் யூத இலக்கிய அறிஞர் இந்த மௌனத்தின் ஆற்றலை உலகத்திறனாய்வுக்கு எடுத்துரைத்தார். 1935-இல் நாட்சி ஆட்சியின் சட்டங்களால் மார்புர்க் பல்கலைக்கழகப் பணியை இழந்த அவர் இஸ்தான்புல் நகரில் புகலிடம் பெற்றார். அங்கு எழுதி 1946-இல் வெளியிட்ட 'மிமேசிஸ்' நூலின் முதல் இயலில் ஓமரின் காவியக் காட்சியொன்றையும் ஆபிரகாமின் பயணத்தையும் எதிரெதிரே நிறுத்துகிறார். ஓமரிடம் எல்லாம் வெளிச்சத்தில் நிற்கின்றன. தொடக்கநூலிலோ சொல்லப்படாதவை பின்னணியில் அடர்ந்து நின்று வாசிப்பவரை உள்ளே இழுக்கின்றன. தம் மக்கள் ஐரோப்பாவில் அழிக்கப்பட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில், அம்மக்களின் தந்தையாகிய ஆபிரகாமின் வழியை அவர் இவ்வாறு வாசித்தார் என்பதை நினைவில் நிறுத்துவோம். இது பின்னர் நமக்குத் தேவைப்படும்.

இனி முன்னடையாளத்துக்கு வருவோம். புதிய ஏற்பாட்டு ஆசிரியர்கள் இக்கதையை உரத்த குரலில் மேற்கோள் காட்டுவதைவிட, அதன் சொற்களைத் தம் எழுத்தில் மெல்ல இழையவிடுகின்றனர். எபிரேயத்தில் ஒரே மகன் என நின்ற இடத்தில் கிரேக்க மொழிபெயர்ப்பான எழுபதின்மர் பதிப்பு அன்பார்ந்த மகன் என மொழிபெயர்த்தது. யோர்தானில் இயேசு திருமுழுக்குப் பெற்றபோது வானிலிருந்து வந்த குரல் அவரைக் குறித்த சொல்லும் அதுவே. ஆபிரகாம் தம் மகனை விட்டுவைக்கவில்லை எனக் கிரேக்கத் தொடக்கநூல் பயன்படுத்திய வினையையே, உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 8-ஆம் அதிகாரத்தில், கடவுள் தம் சொந்த மகனைக் கையளித்ததைக் கூறும் இடத்தில் பவுலடியார் எடுத்தாள்கிறார். எபிரேயர் திருமுகமோ, இறந்தோரையும் எழுப்பக் கடவுள் வல்லவர் என ஆபிரகாம் எண்ணியதாகவும், ஆகவே ஒருவகை உவமையாக மகனைத் திரும்பப் பெற்றதாகவும் கூறுகிறது.

திருச்சபைத் தந்தையர் இவ்விழைகளைச் சேர்த்து நெய்தனர். 2-ஆம் நூற்றாண்டின் சார்திஸ் நகர் ஆயர் மெலித்தோ, விறகு சுமந்த ஈசாக்கையும் சிலுவை சுமந்த ஆண்டவரையும் ஒப்பிட்டவருள் முன்னோடி. அவரை ஊன்றிக் கற்போர் ஒன்றைக் கவனிக்கக்கூடும். ஒப்புமையோடு அவர் நின்றுவிடவில்லை, வேற்றுமையையும் சொன்னார். ஈசாக்கு துன்புறவில்லை, கிறிஸ்து துன்புற்றார். ஏனெனில் ஈசாக்கு வரவிருந்தவரின் அடையாளம் மட்டுமே என்பது அவர் கருத்து. 3-ஆம் நூற்றாண்டில் செசரியாவில் மறையுரையாற்றிய ஓரிஜன் மேலும் ஒரு படி சென்றார். பலிக்கான விறகைச் சுமப்பது குருவின் பணி. ஆகவே ஈசாக்கு பலிப்பொருள், அதே வேளையில் குருவும் ஆவார் என்றார். ஈசாக்கும் கிறிஸ்துவைக் குறிக்கிறார், புதரில் சிக்கிய கடாவும் கிறிஸ்துவைக் குறிக்கிறது என்பது அவர் விளக்கம். இறவாத வார்த்தையானவரை ஈசாக்கிலும், பாடுபட்ட உடலைக் கடாவிலும் அவர் கண்டார்.

இங்கேதான் நம் திறனாய்வு தொடங்க வேண்டும். ஓர் உருவம் போதாமையால்தான் ஓரிஜனுக்கு இரண்டு உருவங்கள் தேவைப்பட்டன. ஈசாக்கு மலையிலிருந்து உயிரோடு இறங்கினான். கல்வாரியில் கடா எதுவும் புதரில் அகப்படவில்லை. தடுத்து நிறுத்தும் குரலும் கேட்கவில்லை. தந்தையிடம் வினா எழுப்பிய மகனுக்கு மோரியாவில் விடை கிடைத்தது. சிலுவையில் எழுந்த வினாவுக்கு அன்று மாலை வரை மௌனமே எஞ்சியது. ஒப்புமை நம்மை மலையடிவாரம் வரை அழைத்துச் செல்கிறது. அதற்கு மேல் நம்மை அழைத்துச் செல்வது வேற்றுமைதான். முன்னடையாளம் என்றவுடன் ஒப்புமைகளை மட்டும் எண்ணிக் காட்டுவோர் இந்த இடத்தைத் தவறவிடுகின்றனர். ஆபிரகாமிடம் கேட்டுப் பெறாமல் விட்டதைக் கடவுள் தாமே கொடுத்தார் என்னும் நற்செய்தி, இரு மலைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில்தான் ஒலிக்கிறது.

எபிரேய மூலமும் இதற்கு இடம் தருகிறது. மகன் கேட்டதும் தந்தை வாக்களித்ததும் ஆட்டுக்குட்டி. கிடைத்ததோ வளர்ந்த கடா. இரண்டுக்கும் வெவ்வேறு சொற்கள் உள்ளன. அன்றைய பலிக்குக் கடா போதுமானதாயிற்று. ஆயினும் யோர்தான் கரையில் திருமுழுக்கு யோவான் இயேசுவைச் சுட்டிக் கடவுளின் ஆட்டுக்குட்டி என அழைப்பதை வாசிக்கையில், ஈசாக்கின் பழைய வினா மீண்டும் நம் காதில் விழுகிறது. ஆட்டுக்குட்டி எங்கே என்ற கேள்வியைத் தொடக்கநூல் முழுமையாக மூடிவிடவில்லை என்று கிறிஸ்தவ வாசகர் உணர்வதில் தவறில்லை.

ஆனால் கிறிஸ்தவ வாசகர் மட்டுமே இக்கதைக்கு உரியவர் அல்லர். யூத மக்கள் இதனை 'அக்கெதா', அதாவது கட்டுதல், என்று அழைக்கின்றனர். தம் புத்தாண்டு விழாவின் இரண்டாம் நாளில் தொழுகைக்கூடத்தில் இதை வாசிக்கின்றனர். அன்று ஊதப்படும் கடாவின் கொம்பு மோரியாவில் அகப்பட்ட கடாவை அவர்களுக்கு நினைவூட்டுகிறது. யூப்ரத்து ஆற்றங்கரையில் துரா யூரோப்போஸ் என்னும் நகர் இருந்தது. அங்கு 1932-இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட தொழுகைக்கூடத்தில், திருச்சட்டச் சுருள் வைக்கும் மாடத்துக்கு மேலே இந்நிகழ்ச்சி தீட்டப்பட்டிருந்தது. அது 3-ஆம் நூற்றாண்டு ஓவியம். 5-ஆம் நூற்றாண்டளவில் தொகுக்கப்பட்ட தொடக்கநூலுக்கான யூத விரிவுரை ஒன்று, விறகு சுமந்த ஈசாக்கைத் தன் தோளில் சிலுவையைச் சுமந்து செல்லும் மனிதனுக்கு ஒப்பிடுகிறது. இதைப் படிக்கும் கத்தோலிக்கர் வியப்படைவர். உரோமை ஆட்சியில் சிலுவை எத்தகைய கொடுமை என்பதை யூதர்களும் தம் உடலில் அறிந்திருந்தனர்.

இவ்விடத்தில் நம் கடந்த காலம் தலைகுனியச் செய்வது. கிறிஸ்து நிறைவேற்றிவிட்டார், ஆகவே யூதர்களுக்கு இம்மறைநூலில் இனிப் பங்கில்லை, அவர்கள் வெறும் நிழலைப் பற்றிக்கொண்ட குருடர் என்னும் பேச்சு பல நூற்றாண்டுகள் கிறிஸ்தவ மேடைகளில் ஒலித்தது. முன்னடையாள விளக்கம் அவமதிப்புக்குக் கருவியானது. அவமதிப்பு பின்னர் எங்குக் கொண்டுபோய் விட்டது என்பதை அவர்பாக்கின் தலைமுறை கண்டது. 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 28-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவமல்லாத சமயங்களைப் பற்றிய அறிக்கையில் இப்போக்கை மாற்றியமைத்தது. 2001-இல் திருத்தந்தையின் விவிலிய ஆணையம், பின்னாளில் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் ஆன கர்தினால் இராட்சிங்கரின் முன்னுரையோடு, யூத மக்களையும் அவர்தம் மறைநூலையும் பற்றிய விரிவான ஆவணம் ஒன்றை வெளியிட்டது. யூதர்களின் விவிலிய வாசிப்பு பொருந்தக்கூடிய ஒரு வாசிப்பே என அது ஏற்றுக்கொண்டது. கிறிஸ்தவ வாசிப்பு பின்னோக்கிய பார்வை என்றும் அது தெளிவுபடுத்தியது. அதாவது கிறிஸ்துவின் ஒளியைப் பெற்ற பின் திரும்பிப் பார்க்கையில் பழைய ஏட்டில் முன்பு புலப்படாத ஆழம் நமக்குப் புலப்படுகிறது. அந்த ஒளியைப் பெறாதவர் அங்கு அதைக் காணவில்லை என்பதற்காக அவரைக் குருடர் என்பது முறையன்று. நிறைவேற்றம் என்பதில் தொடர்ச்சி உண்டு, முறிவும் உண்டு, கடந்து செல்லுதலும் உண்டு என்னும் ஆணையத்தின் விளக்கம், மெலித்தோவும் ஓரிஜனும் உணர்ந்ததையே இன்றைய மொழியில் உறுதிசெய்கிறது.

அவ்வாறாயின், முன்னடையாளம் என்பது நம் கற்பனையா? அன்று. புனித தோமா அக்குவினா தம் இறையியல் தொகுப்பின் முதல் வினாவிலேயே இதற்கு அடித்தளம் இட்டார். மனிதர் சொற்களால் பொருளைக் குறிக்கின்றனர். கடவுளோ சொற்களால் மட்டுமன்றி நிகழ்ச்சிகளாலேயே மற்றொன்றைக் குறிக்க வல்லவர். ஆன்மிகப் பொருள் எப்பொழுதும் நேர்ப்பொருளின்மீது எழுகிறது. நேர்ப்பொருள் இல்லையேல் அதற்கு நிற்க இடமில்லை. தமிழ் இலக்கணம் அறிந்தோர் உள்ளுறை உவமத்தை இங்கு நினைவுகூரலாம். அகப்பாடலில் குளமும் மீனும் நாரையும் மெய்யான குளமாக, மீனாக, நாரையாக முதலில் அமைய வேண்டும். அக்காட்சி பொய்த்தால் உள்ளே உறையும் பொருளும் பொய்த்துவிடும். ஒரு வேறுபாடு உண்டு. அங்கு உள்ளுறையை அமைப்பவர் புலவர். இங்கு வரலாற்றையே மொழியாகக் கொண்ட இறைவன்.

அவர்பாக்கும் 1938-இல் வெளியிட்ட மற்றொரு கட்டுரையில் இதே கருத்தை இலக்கிய வரலாற்றின் வழியாக நிறுவினார். உருவகத்தில் ஒரு பக்கம் கருத்து மட்டுமே. முன்னடையாளத்திலோ இரு முனைகளும் காலத்தில் நிகழ்ந்தவை, குருதியும் சதையும் உடையவை. ஈசாக்கை வெறும் குறியீடாக்கும் மறையுரையாளர் பக்தியின் பெயரால் முன்னடையாளத்தை உருவகமாகத் தாழ்த்திவிடுகிறார். 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், பழைய ஏற்பாடு தனக்கே உரிய வெளிப்பாட்டு மதிப்பை இழப்பதில்லை என்று முன்னடையாளங்களைப் பற்றிப் பேசும் இடத்திலேயே எச்சரிக்கிறது.

இக்கோட்பாட்டைக் கல்லிலும் வண்ணத்திலும் காண விரும்புவோர் இத்தாலியின் இரவேன்னா நகரில் 6-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட புனித வித்தாலே ஆலயத்தை நோக்கலாம். பலிபீடத்தின் இருபுறமும் அரைவட்ட வளைவுகளில் பதிகல் ஓவியங்கள் உள்ளன. ஒருபுறம் ஆட்டுக்குட்டியை ஏந்திய ஆபேலும் அப்பம் ஏந்திய மெல்கிசெதேக்கும். மறுபுறம் ஆபிரகாம். உரோமைத் திருப்பலியின் முதல் நற்கருணை மன்றாட்டு பெயரிட்டு நினைவுகூரும் மூவரும் இவர்களே. ஆபிரகாமின் வளைவில் இரு காட்சிகள் ஒன்றாக உள்ளன. நடுவில் மரத்தடியில் மூன்று விருந்தினர். வலப்புறம் பலிபீடத்தில் ஈசாக்கு, வாளோங்கிய தந்தை, வானிலிருந்து நீளும் கை. இடப்புறம் கூடாரத்தின் வாயிலில் நிற்பவர் சாரா. மகன் பிறப்பான் என்னும் வாக்கைக் கேட்டு நகைத்த தாய் அவர்.

தொடக்கநூல் 22-ஆம் அதிகாரத்தில் சாராவின் பெயரே இல்லை. அடுத்த அதிகாரமோ அவருடைய இறப்போடு தொடங்குகிறது. இவ்விரண்டையும் இணைத்து, மோரியாவின் செய்தி கேட்ட துயரத்தாலேயே அவர் இறந்தார் என்று யூத விரிவுரையாளர் சிலர் பொருள் கண்டனர். இரவேன்னாவின் கலைஞர்கள் அந்த விரிவுரையை அறிந்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் வாக்குறுதியின் மகிழ்ச்சியையும் கத்தியின் அச்சத்தையும் ஒரே வளைவுக்குள் வைத்தபோது, தாயும் அங்கே இடம்பெற்றுவிட்டார். திருப்பலியில் அப்பமும் இரசமும் உயர்த்தப்படும் பீடத்துக்கு அருகிலேயே அவர் நின்றுகொண்டிருக்கிறார். நிறைவேற்றம் பழைய கதையின் மாந்தரை விரட்டிவிடவில்லை. தன் அருகே நிற்க இடம் கொடுத்திருக்கிறது. சிறந்த முன்னடையாள விளக்கத்துக்கு இதுவே அளவுகோல் என்போம்.

இந்த அளவுகோலைக் கொண்டு நம் வழிபாட்டு வழக்கத்தை நோக்கும்போது ஒரு குறையைச் சுட்டாதிருக்க இயலவில்லை. பாஸ்கா திருவிழிப்பில் பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு. அவற்றுள் இரண்டாவது இப்பகுதி. அருள்பணிக் காரணங்களுக்காக வாசகங்களைக் குறைக்க ஒழுங்குமுறை இடமளிக்கிறது. செங்கடல் கடந்த வாசகம் மட்டும் ஒருபோதும் விடப்படலாகாது. ஆகவே பல இடங்களில் மோரியா முதலில் விடப்படுகிறது. வாசிக்கப்படும் இடங்களிலும் குறுகிய வடிவம் எடுத்துக்கொள்ளப்படுவதுண்டு. தவக்காலம் இரண்டாம் ஞாயிறன்று மூன்றாண்டுக்கு ஒருமுறை வருவதும் அக்குறுகிய வடிவமே. அதில் விடுபடுபவை 3 முதல் 8 வரையுள்ள வசனங்கள். அதாவது அதிகாலைப் புறப்பாடு, மூன்று நாள் வழி, மகன் தோளில் ஏற்றிய விறகு, ஆட்டுக்குட்டி எங்கே என்ற வினா, கடவுளே பார்த்துக்கொள்வார் என்ற விடை. கட்டளை இருக்கிறது, கத்தி இருக்கிறது, வழி இல்லை.

இதன் விளைவை எண்ணிப் பார்ப்போம். தந்தையர் எந்த விறகில் சிலுவையைக் கண்டனரோ அந்த விறகை மக்கள் அன்று கேட்பதில்லை. எந்த வினாவுக்குத் திருமுழுக்கு யோவான் விடை கூறுகிறாரோ அந்த வினா அன்று ஒலிப்பதில்லை. பின்னர் மறையுரையாளர் விறகையும் ஆட்டுக்குட்டியையும் பற்றிப் பேசினால், கேட்போர் அதை வாசகத்தில் தேடி அடையமாட்டார்கள். குருவானவர் சொன்னார் என ஏற்றுக்கொள்வார்கள். முழு வாசகம் ஒற்றைப்படை ஆண்டுகளில் பொதுக்காலம் 13-ஆம் வாரத்து வியாழனன்று வருகிறது. அன்று ஆலயத்துக்கு வருவோர் எத்தனை பேர் என்பதை நாம் அறிவோம். திருவிழிப்பின் நீண்ட வடிவத்தைத் தேர்ந்தெடுக்கத் தடை ஏதுமில்லை. கூடுதலாகச் செலவாவது இரண்டு மூன்று நிமிடங்களே. ஆண்டுக்கு ஒரே ஓர் இரவு அந்த நிமிடங்களைத் தரலாகாதா?

காலத்தைக் காட்டிலும் பெரிய காரணம் ஒன்று உண்டு. வழியை நீக்கிய கதை கொடிய கதை. மகனைக் கொல் என்று ஒரு குரல் சொல்கிறது, தந்தை கத்தியை எடுக்கிறார் என்று மட்டும் கேட்கும் ஓர் இளைஞர், இவர் எத்தகைய கடவுள் எனக் கேட்டால் அதை நம்பிக்கையின்மை எனக் கடிந்துகொள்ளலாகாது. பிள்ளைகளை நெருப்புக்குப் பலியாக்குவதைத் தாம் கட்டளையிட்டதுமில்லை, அத்தகைய எண்ணம் தமக்கு எழுந்ததுமில்லை என எரேமியா இறைவாக்கினர் வழியாக ஆண்டவரே உரைத்துள்ளார். ஆபிரகாம் வரலாறு முடிவதும் கை தடுக்கப்படுவதில்தான். இதைச் சொல்லாமல் கீழ்ப்படிதலை மட்டும் புகழ்வது அரைநற்செய்தி.

பிள்ளையை இழந்த பெற்றோரும் ஆலயத்தில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களிடம் ஆபிரகாமைப் போல் நீங்களும் கடவுளுக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்று சொல்வது ஆறுதலன்று. ஆபிரகாம் தம் மகனைத் திரும்பப் பெற்றார்; அவர்கள் பெறவில்லை. இவ்வேறுபாட்டை மறைக்கும் மறையுரை அவர்களின் காயத்தில் உப்பாக விழும். ஓரிஜனே தம் மறையுரையில் கேட்போரிடையே இருந்த தந்தையரை நோக்கித் திரும்பினார். இக்கதையைக் கேட்டதனால், அன்பார்ந்த ஒரே மகன் இறக்க நேர்ந்தால் ஆபிரகாமைப் போல் நிற்கும் உறுதியை உங்களில் எவரேனும் பெறுவீரோ என்று அவர் வினவினார். ஆபிரகாமை முன்மாதிரியாக வைத்தவரும், அதனை எளிதாக்கிப் பேசவில்லை, வினாவாகவே வைத்தார். பிள்ளையை இழந்தவருக்குத் துணையாக நிற்பது மோரியாவன்று, கல்வாரியே. அங்கு மகன் திரும்பவில்லை. அங்கு ஒரு தாய் அடியில் நின்றார். மகனை இழந்த வேதனையைக் கடவுள் வெளியிலிருந்து பார்க்கவில்லை என்பதை அங்குதான் சொல்ல முடியும். வேற்றுமையை மதிக்கும் முன்னடையாள விளக்கம், இவ்வாறு, ஆறுதலை அதற்குரிய மலையில் தேட நமக்குக் கற்றுத்தருகிறது.

எபிரேயர் திருமுகமும் கொலோசையர் திருமுகமும் பழைய ஏற்பாட்டு அமைப்புகளை நிழல் என அழைப்பதைக் காட்டி, நிழல்தானே எனச் சிலர் அசட்டையாகக் கூறுவதுண்டு. தமிழில் நிழல் என்பது வெறும் கருமையன்று. வழிநடப்போர் இளைப்பாறும் இடமும் நிழலே. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பர். மேலும், நிழல் ஒன்று விழுகிறது என்றால் உருவம் ஒன்று இருக்கிறது, அதற்குப் பின்னால் ஒளியும் இருக்கிறது. கிறிஸ்துவின் உருவம் காலத்தின் நடுவில் நிற்க, உயிர்ப்பின் ஒளி அதன்மீது படுகையில், அந்நிழல் பின்னோக்கி மோரியா வரை நீள்கிறது என்பது நம் நம்பிக்கை. அந்நிழலில் ஆபிரகாமும் ஈசாக்கும் நடந்தனர். அவர்கள் மெய்யாகவே நடந்தனர்.

மறைக்கல்வி நூல் கூறும் மற்றொரு செய்தியும் நம் கவனத்துக்கு உரியது. முன்னடையாளங்கள் கடவுள் எல்லாவற்றிலும் எல்லாமாய் விளங்கும் நாளை நோக்கி இன்னும் நகர்ந்துகொண்டிருக்கின்றன. ஆகவே நிறைவேற்றம் கிறிஸ்துவில் நிகழ்ந்துவிட்ட போதிலும், அதன் முழு அறுவடையை நாமும் காத்திருந்தே பெற வேண்டும். இவ்வகையில் நம் நிலை ஆபிரகாமின் நிலைக்கு அத்துணை தொலைவில் இல்லை. கடவுள் பார்த்துக்கொள்வார் என்னும் வாக்கை மட்டும் கையில் கொண்டு நாமும் மேலே ஏறிக்கொண்டிருக்கிறோம்.

வரும் புனித சனி இரவில், திரி ஏற்றிய மெழுகுவர்த்தியோடு நிற்கையில், இரண்டாம் வாசகம் முழுமையாக வாசிக்கப்படுமாறு நம் பங்குகளில் ஏற்பாடு செய்வோம். வாசகர் அதை அவசரமின்றி வாசிக்கட்டும். தந்தையும் மகனும் ஒன்றாக நடந்த வழியை நாமும் மூச்சடக்கிக் கேட்போம். அதன்பின் ஆட்டுக்குட்டியைப் பற்றி மறையுரையாளர் பேசினால், எந்தக் கேள்விக்கு அது விடை என்பது நமக்கு விளங்கும்.